ஒரு பலகைக் கனம்

என் மகளைக் கொன்ற லாரியை என் வீட்டுக்காரர் எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து மூன்று தடவை கட்டினார். எல்லாம் பிளாஸ்டிக் கட்டை. ஒவ்வொரு கட்டையின் தலையிலும் குமிழ் குமிழாக இருக்கும், அடியில் குழி இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அமுக்கினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதோடு ஒரு சுண்டுவிரல் உயரம்கூட வராத பிளாஸ்டிக் மனுஷர்கள் நாலைந்து பேர். அத்தனை பேருக்கும் மஞ்சள் முகம், இரண்டு புள்ளிக் கண், ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் பெயர் இனிகோ. கப்பலில் ஃபிட்டர். எழுபத்தெட்டில், சித்திரை வெயிலில், கப்பலுக்குக் கிளம்பினார். கடலுக்குப் போகிறவர் நெற்றியில் வீட்டுப் பெண் குருசு போட்டு அனுப்புவது எங்கள் தெரு வழக்கம். கட்டைவிரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தத் தடவை என் மகள் ஜெசிந்தா, நானும் போடுவேன் என்று அடம்பிடித்தாள். ஆறு வயது. அவர் முழங்கால் போட்டு நெற்றியைக் கொடுத்தார். போட்டு முடித்துவிட்டு, "மாமா லாரி மாதிரியே ஒரு லாரி வாங்கிட்டு வரணும், மூக்கு வச்சது" என்று உத்தரவு போட்டாள்.

ஹாம்பர்க் துறைமுகத்துக் கடைகளில் மூக்கு வைத்த லாரி கிடைக்கவில்லையாம். இந்தக் கட்டைப் பெட்டியை வாங்கினார். ஊருக்கு வந்து மகளோடு உட்கார்ந்து அவள் கேட்ட மாதிரியே கட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். தந்தி கிடைத்தபோது கப்பல் நடுக்கடலில் இருந்தது. அவர் வந்து சேர்ந்தபோது கல்லறையில் குழி மேடு அமுங்கிப் புல் முளைத்துவிட்டது. பெட்டியைத் திறக்காமல் அலமாரி மேல் வைத்தார்.

மாமா என்றால் என் தம்பி மனுவேல். செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் உப்பு லாரியை ஓட்டினான், எஞ்சின் முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய லாரி. அளத்தில் உப்பு ஏற்றிக்கொண்டு ஹார்பருக்குப் போகும் வழியில், மத்தியானம் எங்கள் தெருவில் லாரியை நிறுத்திவிட்டு என் கையால் ஒரு வாய் சாப்பிட்டுப் போவான். பனிமய மாதா கோயில் திருவிழாக் கொடி இறங்கின மறுவாரம் அது. சூடைமீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டான். கையைக் கழுவிவிட்டு வெளியே போனான். எப்போதும் போல ஜெசிந்தா அவன் பின்னாலேயே ஓடினாள். நான் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது, உடனே ஊர்ச்சத்தம் கேட்டது.

போலீஸில் மனுவேல் ஒரே வாக்கியம்தான் சொன்னான். "புள்ள என் கண்ணுல படல." கிளீனர் அன்றைக்கு லீவு. முன்னால் நின்று ஆள் விலக்க யாரும் இல்லை. அஜாக்கிரதையாக ஓட்டினான் என்று கேஸ் எழுதி, சில நாள் உள்ளே வைத்து, ஜாமீனில் விட்டார்கள்.

நான் அவனை நம்பினேன். அம்மா செத்தபின் அவனை வளர்த்தவள் நான்தான். பொய் சொன்னால் அவனுக்குக் காது மடல் சிவந்துவிடும். அன்றைக்குச் சிவக்கவில்லை. மகளைப் புதைத்துவிட்டு வந்தவளுக்கு அழுவதற்கு ஒரு தோள் வேண்டாமா? என் புருஷன் எங்கோ சமுத்திரத்தில். தம்பி தோளில்தான் அழுதேன்.

அவரோ வந்து இறங்கின அன்றே சொன்னார். "லாரி மூக்குக்கு முன்னால ஒரு புள்ள நிக்குது, டிரைவருக்குத் தெரியலையா? கண்ண எங்கன வச்சிருந்தான்?"

"மூக்கு மறைச்சிருக்கும்லா" என்றேன்.

"அத அளந்து பாத்துதாம்ளா சொல்லணும்."

அதற்குப் பிறகு மனுவேல் எங்கள் வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் எதிர்ச் சுவரோரம் வந்து நிற்பான். இவர் எழுந்து போய்க் கதவைச் சாத்துவார். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனான்.

லாரி செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் உப்புக் கிட்டங்கிக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. எந்த டிரைவரும் அதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். இவர் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அதைத் தலை முதல் கால் வரை அளந்தார். மூக்கு நீளம், மூக்கு உயரம், கண்ணாடி, பம்பர், சக்கரம், தரையிலிருந்து சீட் எவ்வளவு, எல்லாம். அரை நூல் கூடக் குறைய இருந்தால் சோறு இறங்காத மனுஷன். ஆனால் ஏறி உட்கார்ந்து பார்க்கச் சொல்லி அண்ணாச்சி சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டார். "அந்த சீட்டுல என் உடம்பு படாது" என்றாராம். வீட்டுக்கு வந்து அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினார்.

முதலில் எனக்கு எதுவும் புரியவில்லை. துக்கத்தில் ஏதோ செய்கிறார், செய்யட்டும் என்று விட்டேன். டிரைவராக ஒரு பிளாஸ்டிக் குள்ளனைப் பொறுக்கி எடுத்து, அவனை வைத்து மற்றதைக் கட்டினார். டிரைவரும் கிளீனரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும், நடுவில் கியர் கம்பிக்கு இடம் வேண்டும். அந்தக் குள்ளர்களுக்கோ கை இரண்டும் விலாவைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இடித்துக்கொள்ளாமல் உட்கார வைக்க லாரி பத்துக் குமிழ் அகலம் ஆகிவிட்டது. அகலத்துக்குத் தக்க நீளம், நீளத்துக்குத் தக்க உயரம். பெட்டியில் வந்த சக்கரங்கள் சட்டைப் பித்தான் போலிருந்ததால், என் பழைய ஹவாய் செருப்பை வட்ட வட்டமாக வெட்டி டயர் செய்தார்.

அப்புறம் செய்த காரியத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பெட்டியில் பிள்ளைகள் கிடையாது, எல்லாம் பெரிய ஆட்கள். இவர் ஒரு குள்ளனை எடுத்து இடுப்போடு காலைப் பிடுங்கினார். மிச்சம் இருந்ததை மேசையில் நிறுத்தினார்.

"அவ உயரம் சரியா வருது" என்றார்.

கால் இல்லாமல் அது சிரித்துக்கொண்டு நின்றது. நான் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து, "நீங்க மனுஷந்தானா?" என்று கத்தினேன். அவர் காது கேட்காதவர் மாதிரி, ஜெசிந்தாவின் செருப்பு கிடந்ததாகப் போலீஸ் எழுதியிருந்த இடத்தில், பம்பருக்கு ஒரு எட்டு முன்னால், அதை நகர்த்தி வைத்தார்.

பிறகு தையல் நூல் ஒன்றை எடுத்து, டிரைவரின் புள்ளிக் கண்ணிலிருந்து மூக்கு விளிம்பைத் தொட்டுத் தரைவரை இழுத்துப் பிடித்தார். நூலுக்கு மேலே இருப்பது டிரைவர் கண்ணுக்குத் தெரியும், கீழே இருப்பது தெரியாது. அவ்வளவுதான் கணக்கு, எனக்கே புரிந்தது. நூல் அந்தக் காலில்லாத உருவத்தின் தலைக்கு மேலே, தொடாமல், நல்ல இடைவெளி விட்டுப் போனது.

எனக்கு மூச்சு வந்தது. "பாத்தியளா? மனுவேலு சொன்னதுதான சரி?" என்றேன்.

அவர் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "லாரி பெருத்துப் போச்சு. இந்த சீட்டுல இவன் அப்பன் மடியில உக்காந்த புள்ள மாதிரி இருக்கான். அளவு தப்பு" என்று சொல்லிவிட்டு மொத்தத்தையும் பிரித்துப் போட்டார். அன்றைக்கு அவரோடு சண்டை போட்டு நான் சாப்பிடவில்லை. அவரும் சாப்பிடவில்லை.

இரண்டாவது லாரியை உயரத்தை வைத்துக் கட்டினார். மனுவேல் ஐந்தரை அடி, குள்ளன் இத்தனை உயரம், அந்தக் கணக்கில் லாரி எவ்வளவு இருக்க வேண்டும் என்று வகுத்தார். ஆறு குமிழ் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. நூல் பிடித்தார். நூல் நேராகப் போய் அந்தச் சிரித்த முகத்தில், இரண்டு கண்ணுக்கும் நடுவில் முட்டியது.

"தெரியுது!" என்றார். "ஏளா செல்வி, வந்து பாரு, தெரியுது! அவன் பாத்துக்கிட்டேதான் ஏத்தியிருக்கான்!"

அவர் முகத்தில் சந்தோஷம். உண்மையிலேயே சந்தோஷம். மகள் செத்தபின் அந்த முகத்தில் முதல் தடவையாக அதைப் பார்த்தேன். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு குனிந்து அந்த லாரியைப் பார்த்தேன். சின்ன வயதில் என் அப்பா தோணி செய்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான், எனக்கும் கண் இருக்கிறது.

"கிளீனர் எங்கன உக்காருவான்?" என்று கேட்டேன்.

அந்த லாரிக்குள் ஒரே ஆளுக்குத்தான் இடம், அதுவும் நட்டநடுவில்.

"இது லாரியா, சைக்கிள் ரிக்ஷாவா? நடுவுல ஒருத்தன் உக்காந்து ஓட்டுதான். அந்தக் குள்ளனுக்குத் தலை பானை மாதிரி இருக்கு, உடம்பு பெட்டி மாதிரி இருக்கு. முட்டி மடக்க முடியாம காலை நீட்டிக்கிட்டு இருக்கான். எந்த மனுஷன் அப்படி இருக்கான்? உங்களுக்கு மனுவேலு ஜெயிலுக்குப் போகணும். அதுக்கு வசதியா லாரியச் செதுக்கிட்டிய."

கோபப்படுவார் என்று நினைத்தேன். வெகுநேரம் அந்தக் குள்ளனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மேல் எனக்கு எத்தனை கோபம் இருந்தாலும் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. வேலையில் பொய் சொல்லத் தெரியாத ஆள். "ஆமா, இது லாரி இல்ல" என்று அதையும் பிரித்தார்.

மூன்றாவதைக் கட்ட மாதம் ஒன்று ஆனது. "அகலத்துல பாத்தா இவன் குண்டன், உயரத்துல பாத்தா குள்ளன். ஏதாவது ஒண்ண மட்டும் நம்புனா ஏமாத்திருவான். ரெண்டுக்கும் நடுவுல பிடிக்கணும்" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு கட்டினார். ஏழு குமிழ்தான் சரி என்று கணக்கு வந்தது. ஆனால் கட்டைகள் எல்லாம் இரட்டைப்படை. ஏழில் கட்டினால் மூக்கு நடுவில் நிற்காமல் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டது. கடைசியில் எட்டுக்கு வந்தார். டிரைவர் கையில் ஒன்றைக் கழற்றிவிட்டால் இரண்டு பேரும் உட்கார முடிந்தது. முன்சக்கரத்துக்கு மேல் வளைவு, ரேடியேட்டர், இரண்டு விளக்கு, பின்னால் உப்பு ஏற்றும் தொட்டி. நிஜ லாரி பச்சை, இது சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது. ஆனாலும் அதை மேசையில் பார்த்தபோது நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அதேதான். பக்கத்து வீட்டு பவுல் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

நூல் பிடித்தார். அங்கேதான் சிக்கல் வந்தது.

அந்தக் கட்டைகளில் கனமானது ஒன்று, மெல்லியது ஒன்று. மெல்லியதைப் பலகை என்பார். மூன்று பலகை சேர்ந்தால் ஒரு கட்டைக் கனம். லாரி மூக்கின் உயரம் கணக்குப்படி இரண்டு பலகைக்கு நடுவே வந்து நின்றது. மேலே ஒரு பலகை வைத்தால் நூல் பிள்ளை தலைக்கு மேலே போனது. அந்தப் பலகையை எடுத்துவிட்டால் நூல் நெற்றியில் முட்டியது. நிஜ லாரியில் அது நாலு விரல் கனம்.

பலகையை வைப்பார், எடுப்பார். வைப்பார், எடுப்பார். மத்தியானம் முழுக்க டக் டக் என்று அந்தச் சத்தம்தான் வீட்டில். என் தம்பி ஜெயிலுக்குப் போவதும் போகாததும் அந்த ஒற்றைப் பலகையில் தொங்கியது. தை மாதம் கேஸ் வாய்தா. இவர் அரசு வக்கீலைப் பார்த்து விஷயத்தைச் சொல்லியிருந்தார். கொண்டு வாருங்கள், ஜட்ஜுக்குச் சட்டென்று புரியும் என்று அவரும் சொல்லிவிட்டார்.

வாய்தாவுக்கு முந்தின நாள் காலையில் பார்த்தேன். லாரியை ஒரு துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். மூக்கில் பலகை இல்லை.

"பலகை எங்க?" என்றேன்.

"இல்லாமத்தான் சரியா இருக்கு."

"யாருக்குச் சரியா இருக்கு?"

நான் துணியைப் பிடுங்கினேன். "கிட்டங்கியில லாரி நிக்குது. சீட் இருக்கு. கண்ணு உங்களுக்கு இருக்கு. இந்தக் கால் பிடுங்குன பொம்மையோட கண்ணால எதுக்குப் பாக்கிய? வாங்க. நீங்க ஏறி உக்காருங்க. நான் முன்னால நிக்கேன்" என்றேன்.

"உனக்குப் புத்தி பேதலிச்சுட்டா?"

"நான் முழங்கால்ல நின்னா அவ உயரம். தலை சீவி விடும்போது அப்படித்தான் நிப்பேன், அவ கண்ணும் என் கண்ணும் நேரா இருக்கும். எனக்குத் தெரியாத அளவா உங்க டேப்புக்குத் தெரியும்?"

கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைக் கிட்டங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். செந்தூர்பாண்டி அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் பதறிப்போனார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "வேண்டாம் தாயி" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, ஆளைவிட்டுத் தார்ப்பாயை எடுக்கச் சொன்னார். கதவைத் திறந்துவிட்டு அவரே ஒதுங்கிப் போய்விட்டார்.

இவர் ஏறுவதற்குள் வியர்த்துவிட்டது. சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார். "என் தலை தெரிஞ்சா ஹாரன் அடிங்க, ஏமாத்தாதிய" என்று சொல்லிவிட்டு நான் முன்னால் போனேன். பம்பருக்கு ஒரு எட்டுத் தள்ளி முழங்கால் போட்டேன். சிந்திக் கிடந்த உப்பு சேலை வழியாக முட்டியில் குத்தியது.

எனக்கு முன்னால் இரும்புதான் இருந்தது. ரேடியேட்டர் கம்பி, பம்பர், நம்பர் பலகை. டீசல் வாடை. அண்ணாந்து பார்த்தாலும் மூக்கின் விளிம்பும் அதற்கு மேலே கிட்டங்கித் தகரமும்தான். கண்ணாடி தெரியவில்லை, அவர் தெரியவில்லை. என் பிள்ளை கடைசியாகப் பார்த்தது இதைத்தான் என்று நினைத்தேன். அழக்கூடாது, அழுதால் உடம்பு குலுங்கி அளவு மாறிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலில் நிமிர்ந்து நின்றேன்.

ஹாரன் வரவில்லை.

முழங்காலாலேயே கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன். வரவில்லை. இன்னும் நகர்ந்தேன். வரவில்லை. உப்புக் குவியல் முதுகில் தட்டப்போகும் நேரத்தில்தான் ஹாரன் அடித்தது. அடித்தது நிற்கவே இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, நெற்றி ஹாரனில் அமுங்க, அழுதுகொண்டிருந்தார்.

"தெரியல செல்வி. ஒண்ணுமே தெரியல. ஒரு பலகை இல்ல, நாலு பலகை எடுத்தாலும் தெரியாது" என்றார்.

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. மகள் போனவள், தம்பியாவது திரும்ப வந்தான் என்று அந்த உப்புத்தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். வரும் வழியில் அவரே மனுவேல் தங்கியிருந்த வீட்டுக்குப் போனார். "ஏலே, சாப்பிட வா" என்று மட்டும் சொல்லி, தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சூடைமீன்தான் கிடைத்தது. அதையே குழம்பு வைத்தேன். மேசையில் லாரி இருந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு மனுவேலுக்குத் தட்டு வைத்தேன். இவர் உள்ளேபோய் அந்தப் பலகையைத் தேடி எடுத்துவந்து, அவன் கண்முன்னாலேயே மூக்கில் வைத்து அமுக்கினார். "உக்காந்து பாத்தேம்லே. மறைக்கத்தான் செய்யுது. நாளைக்குக் கோர்ட்டுல நானே சொல்லுதேன். உன் மேல தப்பில்ல" என்றார்.

மனுவேல் சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான். வாயில் வைக்கவில்லை.

"அத்தான்" என்றான். "மறைக்கும்னு உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியும். எனக்கு எப்பவுமே தெரியும்."

நாங்கள் இரண்டு பேரும் அவனைப் பார்த்தோம்.

"அவ தெனமும் லாரிக்குக் குருசு போடுவா. உங்களுக்குப் போட்டால்லா, அதுலேருந்து ஆரம்பிச்சிட்டா. லாரிக்கு நெத்தி எட்டாதுல்லா, பம்பர்ல போடுவா. நான் ஏறி உக்காந்ததும் மூக்குக்கு முன்னால போவா. போனா தலை மறைஞ்சிரும். போட்டுட்டு என் பக்கம் வந்து கையக் காட்டுவா. அதுவரைக்கும் கியரத் தொட மாட்டேன். மறைக்கும்னு தெரிஞ்சதாலதான் காத்திருப்பேன்."

"அன்னைக்கு?" என்று இவர் கேட்டார்.

"அன்னைக்கும் போனா. பாத்தேன். பின்னால பஸ்காரன் வந்து ஹாரன் அடிச்சான். விடாம அடிச்சான். புள்ள இந்தப் பக்கம் வந்திருப்பான்னு நெனச்சேன், அத்தான். கை கியருக்குப் போயிட்டு."

அவன் காது மடலைப் பார்த்தேன். சிவக்கவில்லை. போலீஸில் சொன்னதும் பொய்யில்லை. பிள்ளை அவன் கண்ணில் படவில்லைதான். அங்கே இருக்கிறாள் என்று தெரியும், அவ்வளவுதான்.

நான் எழுந்து அவன் தட்டை எடுத்தேன். பிசைந்த சோறும் மீனும் அப்படியே இருந்தன. "எந்திரி" என்றேன். "எந்திரிச்சுப் போ."

"அக்கா..."

"நான் சட்டியக் கழுவிக்கிட்டு இருக்கும்போது எம்புள்ள உன் லாரிக்குக் குருசு போட்டுக்கிட்டு இருந்திருக்கா. நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. உன் தோள்ல சாஞ்சு அழுதேனே, அப்பவாவது சொன்னியா? போலே வெளிய."

இவர் என் கையைப் பிடித்தார். கதவைச் சாத்திச் சாத்தி அவனை விரட்டிய அதே மனுஷன். "சாப்பிட்டுப் போகட்டும் செல்வி" என்றார். "நான் அந்த சீட்டுல உக்காந்து பாத்துட்டேன்."

"நான் முன்னால முழங்கால் போட்டுப் பாத்துட்டேன்" என்றேன்.

மனுவேல் எழுந்து போனான். இவர் பின்னாலேயே போய்த் தெருமுனைவரை விட்டுவிட்டு வந்தார். மறுநாள் கோர்ட்டுக்கு லாரியைக் கொண்டுபோய், பலகை வைத்த மூக்கைக் காட்டி, பிள்ளை தெரிந்திருக்க வழியில்லை என்று சொன்னார். குருசு பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மனுவேலை விட்டுவிட்டார்கள். அளவு அத்தனை துல்லியமாக இருக்கிறதே என்று ஜட்ஜ் அந்த லாரியைக் கையில் வாங்கிப் பார்த்தாராம்.

மனுவேல் ஊரைவிட்டுப் போய்விட்டான். இவருக்கு அவன் இருக்கும் இடம் தெரியும் என்று நினைக்கிறேன். நான் கேட்டதில்லை. மன்னிக்கணும் என்று கோயில் சாமியார் சொல்லிப் பார்த்தார். என்னால் முடியவில்லை, முடியும் என்று நடிக்கவும் முடியவில்லை. லாரியை இவர் பிரித்துப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டார். பிடுங்கின காலைத் திரும்ப மாட்டினாரா என்று நான் பார்க்கவில்லை.

மாசி கடைசியில் மறுபடி கப்பலுக்குக் கிளம்பினார். துணிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் வந்து நின்று, எப்போதும் போல நெற்றியைக் காட்டிக் குனிந்தார். எனக்குக் கை எழவே இல்லை. கடலுக்குப் போகிறவரை வெறும் நெற்றியோடு எப்படி அனுப்புவது என்று, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கோடு இழுத்தேன், குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். போட்டுவிட்டு அப்படியே அவர் முன்னால் நின்றேன். தெருவில் வண்டிக்காரன் நேரமாகிறது என்று மணியடித்துக்கொண்டே இருந்தான். அவர் அசையவில்லை. நான் நகர்ந்து அவர் பக்கவாட்டில் வந்து நின்று, "ம், போங்க" என்று சொல்லும்வரை அவர் காலை எடுத்து வைக்கவில்லை.